பதினெட்டு இல்லாத முக்கோணம்

கரும்பலகையின் உச்சியில் 4 என்று எழுதுவேன். அதன் கீழே 7, 12. அடுத்து 10, 17, 24. பிறகு 13, 22, 31, 40. ஐந்தாவதாக 16, 27, 38, 49, 60. வெண்கட்டியை வைத்துவிட்டுக் கைதட்டித் தூசியை உதறிக்கொண்டு, "என்னா நடக்குதுன்னு பாருங்க" என்று தரம் 9 பிள்ளைகளிடம் அந்த முக்கோணத்தை ஒப்படைத்துவிடுவேன். இலங்கை மலையகத்தில் டிக்கோயா, நோர்வூட், மஸ்கெலியா என்று மாறி மாறித் தோட்டப் பாடசாலைகளில் 32 வருஷம் கணிதம் படிப்பித்தேன். ஒரு வருஷம்கூட இந்தப் பாடத்தை விட்டதில்லை. பாடத்திட்டத்தில் இது இல்லை. எனக்கு வேண்டியிருந்தது.

பிள்ளைகள் முதலில் மேலிருந்து கீழே பார்ப்பார்கள். முதல் நிரல் மூன்று மூன்றாக ஏறுகிறது, இரண்டாவது ஐந்து ஐந்தாக, மூன்றாவது ஏழு ஏழாக. பிறகு யாராவது ஒரு பிள்ளை பக்கவாட்டில் பார்த்து, நிரையும் அப்படித்தான் ஏறுகிறது என்று கத்தும். நிரை என்ற சொல்லை எங்கள் பிள்ளைகளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. காலையில் கங்காணி அவர்களுடைய அம்மாமாருக்குப் பிடித்துக்கொடுப்பதும் நிரைதான். தேயிலைச் செடிக்கும் எண்ணுக்கும் ஒரே சொல்.

சூத்திரம் எளிது. நிரையின் இலக்கத்தையும் நிரலின் இலக்கத்தையும் கூட்டு. அவற்றைப் பெருக்கி, இருமடங்காக்கி, அதையும் சேர். மூன்றாம் நிரையில் இரண்டாம் இடமென்றால் 3, 2, பிறகு 12. மொத்தம் 17. கூட்டலும் பெருக்கலும் தெரிந்த எந்தப் பிள்ளையும் இந்த முக்கோணத்தைக் கீழ்நோக்கி எவ்வளவு தூரமும் இழுத்துக்கொண்டு போகலாம்.

அதற்குப் பிறகுதான் பாடம். "இப்போ இதுல இல்லாத எண்கள எழுதுங்க" என்பேன். 1, 2, 3, 5, 6, 8, 9, 11, 14, 15, 18. "ஒவ்வொண்ணயும் ரெட்டிச்சு ஒண்ணு கூட்டுங்க." 3, 5, 7, 11, 13, 17, 19, 23, 29, 31, 37. வகுப்பு அடங்கிவிடும். அத்தனையும் முதன்மை எண்கள். தமிழ்நாட்டுப் புத்தகங்களில் இவற்றைப் பகா எண் என்கிறார்கள். எங்கள் சொல்லைவிட அது எனக்குப் பிடிக்கும். பகுக்க இடங்கொடாதது என்று அதன் பேரிலேயே இருக்கிறது.

காரணமும் எளிதுதான். முக்கோணத்தில் இருக்கிற எந்த எண்ணையும் ரெட்டித்து ஒன்று கூட்டினால் அது இரண்டாக உடையும். 17 என்றால் 35. அது 7 தர 5. மூன்றாம் நிரையை ரெட்டித்து ஒன்று கூட்டினால் 7, இரண்டாம் நிரலை ரெட்டித்து ஒன்று கூட்டினால் 5. உடைகிற ஒற்றை எண் எதுவாக இருந்தாலும் அது இரண்டு ஒற்றை எண்களின் பெருக்கமாகத்தான் உடையும். ஆகவே அதற்கென்று இந்த முக்கோணத்தில் ஓர் இடம் கட்டாயம் உண்டு. ஒன்றுகூடத் தப்ப முடியாது. இடம் இல்லாதது உடையாதது.

இதை 1934இல் கண்டவர் எஸ்.பி. சுந்தரம் என்ற மாணவர். இந்தியக் கணிதச் சங்கத்தின் 'மெத்தமெட்டிக்ஸ் ஸ்டூடன்ட்' இதழில் அதை உலகுக்குச் சொன்னவர் வி. ராமசுவாமி ஐயர். அந்தச் சங்கத்தை 1907இல் தொடங்கியவரும் அவர்தான். 1910இல் திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்தபோது, கிளார்க் வேலை கேட்டு நோட்டுப் புத்தகத்தோடு வந்து நின்ற ராமானுஜனை வருவாய்த் துறையில் புதைத்துவிடக்கூடாது என்று சென்னை நண்பர்களிடம் அனுப்பிவைத்தாரே, அதே மனிதர். ராமானுஜனைப் பற்றிப் புத்தகங்கள், படங்கள், முத்திரைகள் எல்லாம் வந்துவிட்டன. சுந்தரத்தின் பேரைச் சொல்ல இந்த ஒரு சல்லடை இருக்கிறது. ஒரு மாணவருக்கு அது போதுமென்றுதான் நான் நினைக்கிறேன்.

சல்லடை என்றுதான் உலகம் இதை அழைக்கிறது. அதற்கு 2,000 வருஷத்துக்கும் முன்பே கிரேக்கர் எரட்டோஸ்தனிஸ் ஒரு சல்லடை செய்திருந்தார். அதில் எல்லா எண்களையும் எழுதி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வெட்ட வேண்டும். சுந்தரத்தின் வழியில் வெட்டுவதே இல்லை. முதன்மை எண்ணைக் கையால் தொடாமலே, அல்லாததை மட்டும் எழுதிக்கொண்டே போய், எழுதாமல் விட்டதைச் சுட்டிக்காட்டுகிறார். முதன்மை எண்களை ஒரு கோவையால் நேர்வழியில் பெறப் போனவர்களுக்கு அது கைகூடவில்லை. ஆய்லரின் பேரால் வழங்கும் ஒரு கோவை உண்டு. ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, அந்த எண்ணையும் 41ஐயும் கூட்டுவது. 0 முதல் 39 வரை போட்டால் அத்தனையும் முதன்மை எண்ணாக வரும். 40 போட்டவுடன் 41 தர 41 என்று உடைந்துவிடும். இப்படிப்பட்ட எந்தக் கோவையும் கடைசிவரை முதன்மை எண்களை மட்டுமே தராது என்பது நிறுவப்பட்டுவிட்டது.

சல்லடை என்றதும் எனக்கு அப்பாவின் ஞாபகம் வரும். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையில், சல்லடைக் காம்பராவில்தான் அவருக்கு வேலை. வெள்ளிக்கிழமை மெஷின்களைக் காக்கும் சாமியான ரோதமுனிக்குக் கற்பூரம் காட்டிவிட்டுத்தான் மெஷினுக்கே போவார். வாயையும் மூக்கையும் சேர்த்துத் துண்டால் கட்டியிருப்பார். கண் இமையில் தேயிலைத் தூள் பழுப்பாய்ப் படிந்திருக்கும். சாப்பாடு கொண்டுபோகும்போது வாசலில் நின்று பார்ப்பேன். தட்டுத் தட்டாக அடுக்கிய கம்பிவலைகள் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு வலையில் நின்றது பி.ஓ.பி., அதற்கடுத்த வலையில் பி.ஓ.பி.எஃப்., எல்லாவற்றையும் கடந்து அடியில் விழுவது டஸ்ட். ஓரமாய் உட்கார்ந்து பெண்கள் குச்சி பொறுக்கிக்கொண்டிருப்பார்கள். அப்பா ஒவ்வொரு வலையிலிருந்தும் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் பரத்தி, வெளிச்சத்துக்குக் கொண்டுவந்து பார்ப்பார். அந்த ஒரு பிடியை நான் மறக்கவில்லை. தேயிலைச் சல்லடையில் நின்றதும் கைக்கு வரும், விழுந்ததும் கைக்கு வரும். சுந்தரத்தின் சல்லடையில் விழுந்ததை யாரும் அள்ள முடியாது. அது அங்கே இல்லை என்பது மட்டும்தான் நம் கையில்.

ஒரு பிள்ளை அதைத்தான் கேட்டாள். மெலிந்த பிள்ளை, எப்போதும் ஜன்னலோரம் இருப்பாள். "டீச்சர், இருக்கிறத பாக்கலாம். இல்லாதத எப்புடிங்க பாக்குறது? அந்த முக்கோணம் கீழ போய்க்கிட்டே இருக்கே. 18 இன்னும் கொஞ்சம் கீழ இருந்தா?"

அவளைக் கரும்பலகைக்குக் கூப்பிட்டேன். ஒவ்வொரு நிரையிலும் மிகச் சிறிய எண் எது என்று கேட்டேன். முதலாவது, என்றாள். ஆறாம் நிரை எதில் தொடங்குகிறது? விரல்விட்டு மூன்று கூட்டி, 19 என்றாள். சொன்ன மாத்திரத்தில் அவளுக்கே புரிந்துவிட்டது. 18 என்று ஒன்று இருந்தால் முதல் ஐந்து நிரைக்குள் இருந்தாக வேண்டும். ஆறாவதிலிருந்து எல்லாமே அதைத் தாண்டிப் போய்விட்டன. ஐந்து நிரையில் பதினைந்து எண்கள். அவள் ஒவ்வொன்றாய்த் தொட்டுக்கொண்டு போய், திரும்பி, "இல்ல டீச்சர்" என்றாள். முடிவில்லாத ஒரு பட்டியலைப் பற்றி ஒரு சிறுமி உறுதியாக இல்லை என்று சொன்னாள். அவள் சொன்னது அறிவு, ஊகமில்லை.

நம் முன்னோர் இதைப் பற்றி நிறையச் சண்டை போட்டிருக்கிறார்கள். இல்லாமையை அறிவதற்கு அபாவம் என்று தனியாக ஓர் அளவை வேண்டுமா, காட்சியிலும் கருதலிலும் அது அடங்கிவிடுமா என்பது வழக்கு. மணிமேகலையில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில் அபாவம் அளவைகளின் பட்டியலில் வருகிறது. அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் அளவைப் பகுதியில் அதையும் எண்ணிச் சொல்லிவிட்டு, எல்லாவற்றையும் காண்டல், கருதல், உரை மூன்றுக்குள் அடக்குகிறார். மீமாம்சகரில் ஒரு சாரார் இதற்குத் தனி இடமே கொடுத்தார்கள். பௌத்தரான தர்மகீர்த்தி காணாமையை ஒரு வகை ஏதுவாக வைத்தார். இத்தனை பேரும் எதிலெதிலோ முரண்பட்டாலும், ஒரு நிபந்தனையில் பெரும்பாலும் ஒன்றுபடுகிறார்கள். காணவில்லை என்பது இல்லை என்பதற்குச் சான்றாக வேண்டுமானால், அந்தப் பொருள் இருந்திருந்தால் கண்ணுக்குப் பட்டிருக்க வேண்டும். வெளிச்சமுள்ள தரையில் குடத்தைக் காணோம் என்றால் குடம் இல்லை. இருட்டறையில் காணோம் என்றால் அது ஒன்றையும் சொல்லவில்லை. பிசாசை எடுத்துக்காட்டுவார்கள். கண்ணுக்குப் புலப்படும் இயல்பே இல்லாத ஒன்றை, பட்டப்பகலில் காணவில்லை என்றாலும் அதனால் எதுவும் தீராது. இதற்கு யோக்கியதை என்று பேர் வைத்தார்கள். 18 இன்னும் கீழே இருந்தால் என்று அந்தச் சிறுமி கேட்டது அந்த யோக்கியதையைத்தான்.

இதையெல்லாம் படிப்பதற்கு முன்னால் நான் ஒரு பிழை செய்தேன். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் பேசச் சொன்னார்கள். சுந்தரத்தின் முக்கோணத்தைச் சொல்லி, எந்தச் சூத்திரமும் பெற்றுத்தராத, ஆனால் எல்லா எண்ணுக்கும் மூலமாக நிற்கிற முதன்மை எண்ணைப் போல இறைவனும் நம் கணக்கிலெல்லாம் விடுபட்டு நிற்கிறான் என்று பேசினேன். நன்றாகத்தான் கேட்டார்கள். இரண்டு வருஷம் கழித்துத் தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வந்த பழைய மாணவன் ஒருவன் வீட்டு வாசலில் நின்றே கேட்டான்: "டீச்சர், இல்லாத 18ஐ ரெட்டிச்சு ஒண்ணு கூட்டி 37ன்னு எங்க கையில குடுத்தீங்க. சாமியோட இல்லாமைக்கு என்னாத்த கூட்டுறது?"

அவனுக்குத் தேத்தண்ணி கொடுத்தேன். பதில் கொடுக்க முடியவில்லை. அந்த உவமையை அன்றோடு விட்டுவிட்டேன். விடுபட்டதெல்லாம் தெய்வமாகிவிடாது. விடுபட்ட இடத்திலிருந்து ஒரு குறிப்பிட்ட பொருளுக்கு வழி போட்டுக் காட்டினால்தான் இல்லாமை சான்றாகும். சுந்தரம் காட்டினார். நான் காட்டவில்லை. ஆனால் அன்றிரவு தூக்கம் வராமல் கிடந்தபோது அவனுடைய கேள்வி அவன் பக்கமும் திரும்பியது. காணோம், ஆகவே இல்லை என்று சொல்கிறவரும் அதே வழியைக் காட்டியாக வேண்டும். இருந்தால் எத்தனையாம் நிரையில் இருந்திருக்கும் என்று அவரும் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் 'இல்லை' என்ற சொல்லை எடுப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. அப்பாவைப் பெற்ற அப்பாயியிடம் படித்தேன்.

1948இல் இலங்கையில் பிரஜாவுரிமைச் சட்டம் வந்து, இந்திய வம்சாவளியினரான எங்கள் சனத்தை ஒரே கோட்டில் வெளியே நிறுத்தியது. 1949இல் வந்த இன்னொரு சட்டத்தின்படி, கல்யாணமானவர்கள் 7 வருஷம், மற்றவர்கள் 10 வருஷம் இடைவிடாமல் இங்கேயே இருந்ததை நிரூபித்தால் விண்ணப்பிக்கலாம். அப்பாயியும் விண்ணப்பித்தார். தாத்தா அதற்குள் போய்ச் சேர்ந்திருந்தார். விசாரணைக்கு ஓர் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். சான்றாகத் தோட்டத்துச் செக்ரோல் பதிவேடு போயிருந்தது. தோட்டத்தில் ஒரு நாள் சம்பளத்துக்குப் பேர் என்றுதான் சொல்வோம். பேர் விழுந்துச்சா, அரைப் பேரா என்றுதான் கேட்போம். செக்ரோலில் அப்பாயிக்கு 1941 நடுப்பகுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு வருஷம் பேர் இல்லை. அந்த ஒரு வருஷம் நீ இந்த நாட்டில் இல்லை, இந்தியாவுக்குப் போய் வந்திருக்கிறாய் என்றார்கள்.

அப்பா பிறந்தது அந்த வருஷம் ஆடியில். பிள்ளையைப் பெற்ற உடம்போடு அப்பாயியால் செக்ரோலில் நிற்க முடியவில்லை. முடிந்த நாட்களில் மலைக்குப் போய், அக்காவோடு ஒரே நிரையில் கொழுந்தெடுத்து, அக்காவின் பேரில் மடுவத்தில் நிறுத்தார். அவர் கிள்ளிய கொழுந்து ஸ்டோருக்குப் போயிற்று, வாடிற்று, அரைபட்டது, சல்லடையில் விழுந்தது, கப்பலேறியது. அவர் பேர் மட்டும் எங்கும் ஏறவில்லை. "எப்போ பிள்ளை பிறந்தது?" என்று கேட்டதற்கு அப்பாயி, "விஷு வருஷம் ஆடி மாசம்" என்றாராம். அவர்களுக்கு இங்கிலீஷ் வருஷம் வேண்டியிருந்தது. அப்பாயிக்கு அது தெரியாது. மொழிபெயர்த்தவருக்கு விஷு வருஷம் தெரியவில்லை.

அந்த மேசைக்குப் பின்னால் இருந்தவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவர் பக்கம் பக்கமாகப் பார்த்திருப்பார். பேர் இல்லைதான். ஆனால் செக்ரோல் சம்பளம் போட எழுதிய புத்தகம். தோட்டத்தில் உயிரோடு இருந்தவர்களெல்லாம் அதில் இருந்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதில் இல்லாததால் அவர் நாட்டிலேயே இல்லை என்று முடிவு கட்ட, அதற்கு அந்த யோக்கியதை கிடையாது. தரம் 9 பிள்ளை கேட்ட ஒரு கேள்வியை அன்று அந்த அறையில் யாரும் கேட்கவில்லை.

விண்ணப்பம் தள்ளுபடியானது. 1964 ஒக்டோபர் 30ஆம் திகதி சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். நான் பிறந்ததும் அதே வருஷம். எங்களில் 975,000 பேர். 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 150,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். 75,000ஆல் வகுத்தால் 7, 4, 2 என்று மீதியில்லாமல் போகும். எங்கள் வீட்டில் போகவில்லை. அப்பாவுக்கு இலங்கை, அத்தைக்கு இந்தியா. அத்தை கூடலூர்ப் பக்கம் தமிழ்நாட்டு அரசின் டான்டீ தோட்டத்தில் மறுபடியும் கொழுந்துக்கே போனார். அப்பாயி எந்தக் கணக்கிலும் வராமலே 1979இல் லயத்துக் காம்பராவில் கண்ணை மூடினார். நாடற்றவர்களாய் மீந்திருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை கொடுத்த 35ஆம் இலக்கச் சட்டம் வந்தது 2003இல்.

இப்போது அந்த மாணவனின் கேள்விக்கு நான் வந்து நிற்கும் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். சாமியைப் பற்றிய பேச்சில் இரண்டு சாமி இருக்கிறார்கள். தோட்டத்துப் பிள்ளையைப் பட்டினியில் சாக விடமாட்டார் என்று நான் சிறுமியாய் நம்பிய சாமி ஒருவர். அவர் இருந்திருந்தால் தெரிந்திருக்க வேண்டிய இடம் எனக்குத் தெரியும். 1974இல், மாவும் அரிசியும் இல்லாமல் லயங்களில் பிள்ளைகள் வீங்கிக் கிடந்த மாதங்கள்தான் அந்த இடம். அந்த நிரையில் நான் என் கண்ணால் பார்த்தேன். அவர் இல்லை. இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை உண்டு. மனம் நொந்துதான் சொல்கிறேன்.

இன்னொருவரைச் சைவ சித்தாந்திகள் சொல்கிறார்கள். கண் பொருளைக் காண்பதற்குச் சூரியன் துணைநிற்பதைப் போல, உயிர் எதையும் அறிவதற்கு உடன்நின்று அறிவிப்பவர். காணப்படும் பொருள்களின் வரிசையில் அவரைத் தேடினால் எத்தனையாம் நிரையில் நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. அப்படிச் சொல்லும் சூத்திரம் ஒருவரிடமும் இல்லை. ஆகவே அவரைக் காணோம் என்பதைக் கொண்டு அவர் உண்டென்றும் நான் சொல்லமாட்டேன், இல்லையென்றும் யாரும் சொல்ல விடமாட்டேன். விளக்கேற்றுகிறேன். அது நம்பிக்கை. கணிதத்தை அதற்குச் சாட்சிக்கு இழுத்த பாவத்தை இனிச் செய்யமாட்டேன்.

அந்தப் பஞ்ச வருஷத்தில்தான், அத்தை இந்தியா போவதற்கு முன்னால், மாசியில் அப்பாயி எங்களைச் சிவனொளிபாதமலைக்குக் கூட்டிக்கொண்டு போனார். நல்லதண்ணியிலிருந்து இரவெல்லாம் ஏறினோம். எனக்குக் கால் விறைத்துவிட்டது. அத்தை பாதி தூரம் என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்தார். விடியும்போது உச்சியில் நின்றோம். கிழக்கே சூரியனைக் கும்பிட்ட சனம் அப்படியே மேற்கே திரும்பியது. அங்கே பனிமூட்டத்தின் மேல் மலையின் நிழல் கூர்மையான முக்கோணமாய் விழுந்து கிடந்தது.

மேலே ஒரு மணி இருக்கிறது. மலைக்கு எத்தனை தரம் வந்தோமோ அத்தனை அடி அடிக்க வேண்டும். நான் ஒரு அடி அடித்தேன். அப்பா மூன்று. அத்தை ஐந்து. அப்பாயி முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றைப் பிடித்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொரு அடிக்கும், தான் வந்த வருஷத்தின் பேரை வாய்க்குள் சொல்லி, மணிச்சத்தம் அடங்கும்வரை நின்று, அடுத்ததை அடித்தார். தாது. பிரமாதி. மூன்றாவது அடிக்கு முன்னால் அப்பாவைத் திரும்பிப் பார்த்து, "இவன் ஏழு மாசப் பிள்ள, இடுப்புலதான் இருந்தான்" என்றார். பிறகு விஷு என்று சொல்லி, கயிற்றை இழுத்தார்.